சிகரெட் கம்பெனிகளின் வழக்கும் சில்லறை வியாபாரியின் பெயரும்

நமது அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் மளிகைக் கடை, பெட்டிக் கடை, டீக்கடை எதை எடுத்துக்கொண்டாலும் பெரும்பாலானவற்றில் பீடி, சிகரெட் விற்பனை உண்டு. தொழிற்பேட்டையில் ஷிப்டு விடும் நேரத்தில் ஒரு சிகரெட் வாங்க வருகிறவர், கூடவே ஒரு டீ, ஒரு வாழைப்பழம், வீட்டுக்கு ஒரு பாக்கெட் ரொட்டி என்று வாங்கிச் செல்வார். சிகரெட்டில் நமக்குக் கிடைக்கும் கழிவு குறைவு என்றாலும் அதை வைத்துக் கடைக்கு வரும் கூட்டம் பெரிது. ஆகவே, புகைபிடிப்பதற்குப் புதிதாக ஒரு கட்டுப்பாடு வருகிறது என்று செய்தித்தாளில் படித்தால் நம் மனதில் கவலை எழுவது இயற்கையே.

அப்படிப்பட்ட நேரங்களில் அச்சடித்த மனு ஒன்று கடைகளுக்கு வருவதுண்டு. "லட்சக்கணக்கான சிறு வியாபாரிகளின் வாழ்வு பறிபோகும்" என்று அதில் இருக்கும். கீழே கையெழுத்தும் கடை முத்திரையும் கேட்பார்கள். சங்கத்தின் பெயரில் தீர்மானம் போட்டுத் தரும்படியும் கேட்பார்கள். மனுவை எழுதியவர் யார், அச்சுக்கூலி கொடுத்தவர் யார் என்று நாம் கேட்பதில்லை. நமக்கு ஆதரவாகத்தானே பேசுகிறார்கள் என்று முத்திரையைக் குத்திக் கொடுத்துவிடுகிறோம்.

சிகரெட் விற்காதீர்கள் என்று சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. சட்டத்துக்கு உட்பட்டு விற்கக்கூடிய சரக்கை விற்பதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு. ஆனால் கட்டுப்பாடுகள் வரும்போதெல்லாம் புகையிலைக் கம்பெனிகள் என்ன செய்து வந்திருக்கின்றன, அதில் நம்மைப் போன்ற கடைக்காரர்களின் பெயர் எப்படிப் பயன்பட்டிருக்கிறது, கடைசியில் அபராதமும் நஷ்டமும் யார் தலையில் விழுந்தது என்பதை வணிகப் பெருமக்கள் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் ஆரம்பித்த கதை

1950ஆம் ஆண்டு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தனித்தனியே நடந்த ஆய்வுகள், சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை வெளியிட்டன. இதனால் வியாபாரம் படுத்துவிடுமோ என்று பயந்த அமெரிக்கக் கம்பெனிகள், 1954 ஜனவரி 4ஆம் தேதி நாடு முழுவதும் 400க்கும் மேற்பட்ட செய்தித்தாள்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தன. மக்களின் உடல்நலமே தங்களுக்கு முக்கியம் என்றும், உண்மையைக் கண்டறியத் தாங்களே ஆராய்ச்சிக் குழு அமைப்பதாகவும் அதில் கூறின. அன்று தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக "இன்னும் நிரூபிக்கப்படவில்லை" என்ற ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தன. 1994 ஏப்ரல் 14ஆம் தேதி ஏழு பெரிய கம்பெனிகளின் தலைவர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சத்தியம் செய்து, நிக்கோடின் மனிதனை அடிமையாக்கும் என்று தாங்கள் நம்பவில்லை என்றார்கள்.

1998இல் நிலைமை மாறியது. புகைபிடித்து நோயுற்றவர்களின் வைத்தியச் செலவை ஈடுகட்ட வேண்டுமென்று மாநில அரசுகள் தொடுத்த வழக்குகளில், 46 மாநிலங்களுக்கு 25 ஆண்டுகளில் 20,600 கோடி டாலர் தருவதாகக் கம்பெனிகள் ஒப்புக்கொண்டன. அந்த வழக்குகளின் விளைவாக அவர்களுடைய அலுவலகக் கடிதங்களும் குறிப்புகளும் லட்சக்கணக்கான பக்கங்கள் வெளியே வந்தன. 2006இல் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் அளித்த தீர்ப்பில், தங்கள் சரக்கின் தீமையை அறிந்திருந்தும் கம்பெனிகள் பல பத்தாண்டுகளாக மக்களை ஏமாற்றின என்று கூறப்பட்டது. கட்டுப்பாடுகளை எதிர்த்துக் குரல் கொடுத்த பல வியாபாரச் சங்கங்களுக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்பதும் இந்த ஆவணங்களால்தான் தெரியவந்தது.

திடீரென்று முளைத்த ஒரு சங்கம்

நம்மைப் போன்ற சங்கக்காரர்கள் அவசியம் அறிய வேண்டிய சம்பவம் ஒன்று உண்டு. 1987இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பெவர்லி ஹில்ஸ் என்ற ஊரின் நகரசபை, உணவு விடுதிகளில் புகைபிடிக்கத் தடை விதித்தது. உடனே அந்த ஊர் உணவு விடுதிகளின் சங்கம் என்று ஒன்று கிளம்பியது. தடையினால் 30 சதவீத வியாபாரம் போய்விட்டது என்று அது சொன்னது. நகரசபையும் சில மாதங்களிலேயே தடையைத் தளர்த்திவிட்டது. பிற்பாடு விற்பனை வரிக் கணக்கைப் பார்த்தபோது அப்படிப்பட்ட வீழ்ச்சி எதுவும் காணப்படவில்லை.

சில ஆண்டுகள் கழித்து, அச்சங்கத்தின் தலைவராக இருந்த பேரி ஃபோகல் என்ற உணவு விடுதி முதலாளியே உண்மையை எழுத்து மூலம் தெரிவித்தார். தடைச் சட்டம் வருவதற்கு முன் அப்படியொரு சங்கமே அவ்வூரில் இல்லை என்றும், புகையிலைத் தொழில்தான் தங்களைத் திரட்டியது என்றும், அதில் பங்கெடுத்ததற்காக வருந்துவதாகவும் அவர் கூறினார். அதற்குள் 30 சதவீதம் என்ற அந்தக் கணக்கு ஊர் ஊராகப் போய்விட்டது. வேறு நகரங்களிலும் தடைக்கு எதிராக அதையே எடுத்துக்காட்டினார்கள்.

இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து ஆஸ்திரேலியாவில் இதே போன்ற காட்சி. எல்லா சிகரெட் பாக்கெட்டும் ஒரே மங்கிய நிறத்தில் இருக்க வேண்டும், கம்பெனிச் சின்னம் கூடாது என்று அந்நாட்டு அரசு 2010இல் அறிவித்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில், தேர்தல் நேரம் பார்த்து, 'ஆஸ்திரேலியச் சில்லறை வியாபாரிகள் கூட்டணி' என்ற பெயரில் பெரிய அளவில் விளம்பரங்கள் வந்தன. சாதாரணக் கடைக்காரர் கடையில் நின்று பேசுவதுபோல் அவை அமைந்திருந்தன. அடுத்த மாதமே இரகசியக் கடிதங்கள் வெளியாகி, சுமார் 50 லட்சம் டாலர் பணம் மூன்று பன்னாட்டு சிகரெட் கம்பெனிகளிடமிருந்து வந்தது என்பது தொலைக்காட்சியில் அம்பலமானது. சட்டம் நிறைவேறி, 2012 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதை எதிர்த்துக் கம்பெனிகள் போட்ட வழக்கையும் அந்நாட்டு உயர்ந்த நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இங்கிலாந்திலும் சிறு கடைக்காரர்களின் பெயரில் புகையிலை வியாபாரிகள் கூட்டணி ஒன்று இருந்தது. அதற்குப் பணம் கொடுத்தது சிகரெட் உற்பத்தியாளர் சங்கம்.

கம்பெனி முதலாளி நேரில் வந்து எனக்கு லாபம் குறையும் என்று சொன்னால் யாரும் இரக்கப்படமாட்டார்கள். தெருமுனைக் கடைக்காரர் சொன்னால் அமைச்சரும் கேட்பார், பத்திரிகையும் எழுதும். நமது பெயருக்கு உள்ள மதிப்பு அது. அந்த மதிப்பைத்தான் அவர்கள் கொள்முதல் செய்கிறார்கள், அதுவும் மிக மலிவான விலைக்கு.

நம் நாட்டில் நடந்தவை

இந்தியாவில் 1975இல் வந்த சட்டம், சிகரெட் பாக்கெட்டிலும் விளம்பரத்திலும் எச்சரிக்கை வாசகம் போட வேண்டுமென்றது. பீடிக்கு அது பொருந்தவில்லை. சின்ன எழுத்தில் ஒரு வரி, அவ்வளவுதான். விளம்பரம் தாராளமாக நடந்தது. 1996ஆம் ஆண்டு உலகக் கோப்பை கிரிக்கெட் போட்டியே ஒரு சிகரெட்டின் பெயரில் வில்ஸ் உலகக் கோப்பை என்று நடந்தது நமக்கு நினைவிருக்கும். காட்ஃபிரே பிலிப்ஸ் கம்பெனி 1990 முதல் ரெட் அண்ட் வைட் என்ற சிகரெட்டின் பெயரில் வீரச் செயல்களுக்கு விருது கொடுத்துவந்தது.

2001இல் விளம்பரத் தடைக்கு மசோதா கொண்டுவரப்போவதாக மத்திய அரசு அறிவித்ததும், ஐ.டி.சி. நிறுவனம் இந்தியக் கிரிக்கெட் அணிக்கு அளித்துவந்த ஆதரவிலிருந்து தானாகவே விலகிக்கொண்டது. அதே ஆண்டு நவம்பர் 2ஆம் தேதி, முரளி தியோரா தொடுத்த பொதுநல வழக்கில், பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடுக்க வேண்டுமென உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. தமிழ்நாட்டிலும் புகைபிடித்தல், எச்சில் துப்புதல் தடைச் சட்டம் 2002இல் இயற்றப்பட்டது. பிறகு 2003இல், சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2004 மே 1 முதல் படிப்படியாக அமலுக்கு வந்தது.

இந்தச் சட்டத்தின்படி விளம்பரம் தடைசெய்யப்பட்டது. விற்கும் கடையில் பலகை வைக்க மட்டும் இடம் விட்டார்கள். அந்த இடத்தைப் பிடிப்பதில்தான் போட்டி வந்தது. 2005இல் திருத்திய விதிகளின்படி, பலகை 60 சென்டிமீட்டருக்கு 45 சென்டிமீட்டர்தான் இருக்கலாம். அதில் இன்ன வகைச் சரக்கு கிடைக்கும் என்று மட்டும் எழுதலாம். கம்பெனிப் பெயரோ பாக்கெட் படமோ கூடாது. உள்ளே விளக்குப் போடக்கூடாது. இந்த விதிகளை எதிர்த்து வழக்கு நடந்து, 2006இல் மும்பை உயர்நீதிமன்றம் அவற்றுக்கு இடைக்காலத் தடை விதித்தது. உச்சநீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது 2013 ஜூலையில். ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஓடிவிட்டன. இத்தனை ஆண்டுகளும் பளபளவென்று விளக்கு எரியும் பெட்டிகள் ஊரெங்கும் கடை முகப்புகளில் இருந்தன. நமது கடையை இலவசமாக அழகுபடுத்தித் தருகிறார்கள் என்று நாமும் மகிழ்ந்தோம். விளம்பரத் தடையை மீறினால் முதல் முறை இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் என்று சட்டத்தில் இருப்பதைப் பலகை மாட்ட வந்தவர் சொல்லவில்லை.

அடுத்தது 2008. அன்றைய மத்திய சுகாதார அமைச்சர், நமது மாநிலத்தைச் சேர்ந்த டாக்டர் அன்புமணி ராமதாஸ், பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை விதிக்கும் புதிய விதிகளை அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று கொண்டுவந்தார். அதை எதிர்த்து ஐ.டி.சி. நிறுவனமும் ஓட்டல் முதலாளிகளின் சங்கமும் நீதிமன்றம் சென்றன. செப்டம்பர் கடைசியில் உச்சநீதிமன்றம் தடை தர மறுத்துவிட்டது. இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. 30 அறைகள் உள்ள ஓட்டலுக்கும் 30 பேரோ அதற்கு மேலோ உட்காரும் உணவு விடுதிக்கும் புகைபிடிக்கத் தனி இடம் ஒதுக்கிக்கொள்ளச் சட்டம் அனுமதித்திருந்தது. பத்துப் பேர் உட்காரும் நமது டீக்கடைக்கு அந்தச் சலுகை கிடையாது. உள்ளே ஒருவர் புகைபிடிக்கிறார் என்று புகார் வந்தும் கடைக்காரர் நடவடிக்கை எடுக்கவில்லையென்றால், அவருக்கும் அபராதம் உண்டு. நட்சத்திர ஓட்டல்களுக்காகத் தொடுத்த வழக்கில் நமது டீக்கடைக்காரரின் கஷ்டம் பேசப்பட்டிருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

படமும் பாக்கெட்டும்

பாக்கெட்டின் மேல் படத்துடன் எச்சரிக்கை போட வேண்டும் என்ற விதி 2006 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. அது நடைமுறைக்கு வந்தது 2009 மே 31ஆம் தேதி. இடையில் பலமுறை தள்ளிப்போடப்பட்டது. பீடித் தொழில் நடக்கும் தொகுதிகளின் உறுப்பினர்கள் எதிர்த்தார்கள். மண்டையோட்டுச் சின்னம் கட்டாயம் என்றிருந்ததை 2007இல் சட்டத்தைத் திருத்தி எடுத்துவிட்டார்கள். கடைசியில் வந்தது பாக்கெட்டின் ஒரு பக்கத்தில் 40 சதவீத அளவுக்கு ஒரு படம்.

2014 அக்டோபரில் அந்தப் படம் இருபக்கமும் 85 சதவீதமாகப் பெரிதாக வேண்டும் என்று அரசு அறிவித்தது. 2015 ஏப்ரல் 1 முதல் அமல் என்றார்கள். அதற்குச் சில நாட்களே இருக்கும்போது, திலீப் காந்தி எம்.பி. தலைமையிலான நாடாளுமன்றக் குழு, இதை நிறுத்திவைக்க வேண்டுமென்று பரிந்துரைத்தது. புகையிலையால் புற்றுநோய் வருகிறது என்பதெல்லாம் வெளிநாட்டு ஆய்வுகள், இந்தியாவில் செய்த ஆய்வு இல்லை என்பது குழுத் தலைவர் கூறிய காரணம். அந்தக் குழுவில் உறுப்பினராக இருந்த அலகாபாத் எம்.பி. ஷியாமா சரண் குப்தா பெரிய பீடித் தொழில் முதலாளி.

இந்திய ஆய்வு இல்லை என்பது உண்மையா? வேறெங்கும் போக வேண்டாம், நமது சென்னையிலேயே இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. கஜலட்சுமி, ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பீட்டோ ஆகியோர் தலைமையில் சென்னை நகரத்திலும் விழுப்புரம் பகுதிக் கிராமங்களிலும் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. இறந்துபோன 43,000 ஆண்களின் விவரங்களையும், உயிரோடிருந்த 35,000 ஆண்களின் விவரங்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, 2003இல் 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். புகைபிடித்தவர்கள் காசநோயால் இறப்பது மற்றவர்களைவிடச் சுமார் நான்கு மடங்கு என்று தெரிந்தது. காசநோயால் இறந்த ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் சாவுக்குப் புகையே காரணம் என்றும் அந்த ஆய்வு கணக்கிட்டது. புற்றுநோயைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். நம் ஊரில் பீடி, சிகரெட் முதலில் காசநோயைத்தான் முற்றவைக்கிறது. நாடாளுமன்றக் குழு அப்படிப் பேசுவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஆய்வு அச்சாகியிருந்தது.

ஓராண்டு தாமதத்துக்குப் பின், 2016 ஏப்ரல் 1 முதல் 85 சதவீத விதி வந்தது. அன்றே ஐ.டி.சி., காட்ஃபிரே பிலிப்ஸ், வி.எஸ்.டி. ஆகிய கம்பெனிகள் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தன. நாளொன்றுக்கு 350 கோடி ரூபாய் நஷ்டம் என்று அவர்களுடைய அமைப்பான இந்தியப் புகையிலை நிறுவனம் கூறியது. மே மாதம் உச்சநீதிமன்றம் விதியைப் பின்பற்றும்படி சொன்னதும் புதிய பாக்கெட்டுகள் வந்தன. 2017 டிசம்பரில் கர்நாடக உயர்நீதிமன்றம் விதியை ரத்துசெய்தது. 2018 ஜனவரியில் அந்தத் தீர்ப்புக்கு உச்சநீதிமன்றம் தடை விதிக்க, பெரிய படம் தொடர்ந்தது. சரி, கம்பெனிகள் அழிந்துவிட்டனவா? 2016-17ஆம் நிதியாண்டில் ஐ.டி.சி.யின் நிகர லாபம், எல்லாத் தொழில்களையும் சேர்த்து, 10,000 கோடி ரூபாயைத் தாண்டியது. பாக்கெட்டில் படம் பெரிதானதால் நம் கடைகளும் மூடப்படவில்லை.

2020 டிசம்பர் கடைசியில் சட்டத் திருத்த வரைவு ஒன்றை அரசு வெளியிட்டது. வாங்குபவரின் வயது 18லிருந்து 21, சில்லறையாக ஒன்று இரண்டு என்று விற்கத் தடை, கடையில் விளம்பரப் பலகைக்கும் தடை என்பவை அதில் இருந்தன. சிறு வியாபாரிகள் பெயரில் நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பில் நமது சொந்தக் கவலையும் இருந்தது என்பதை மறுக்க முடியாது. பெட்டிக் கடையில் முழுப் பாக்கெட் வாங்குகிறவர் எத்தனை பேர்? ஆனால் கடையில் விளம்பரப் பலகை கூடாது என்பதனால் நமக்கு என்ன நஷ்டம்? அந்த வரியைச் சிறு வியாபாரியின் கோரிக்கையில் சேர்த்தால் அது யாருக்காக என்று கேட்க வேண்டாமா?

மேலே வழக்கு, கீழே அபராதம்

2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் சில்லறைக் கடைக்காரரைத் தொடும் பகுதிகளை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

18 வயதுக்குட்பட்டவருக்கு விற்கக்கூடாது. பள்ளி, கல்லூரியின் சுற்றுச்சுவரிலிருந்து 100 கஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள் விற்கக்கூடாது. இவற்றுக்கு 200 ரூபாய் வரை அபராதம். சிறுவருக்கு விற்பது குற்றம் என்ற அறிவிப்புப் பலகையும் கடையில் இருக்க வேண்டும். இந்தப் பலகையை மட்டும் எந்த விற்பனைப் பிரதிநிதியும் ஆசையோடு கொண்டுவந்து மாட்டியதாக நமக்குத் தெரியவில்லை. 200 ரூபாய்தானே என்று அலட்சியமாக இருக்கவும் முடியாது. 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம், சிறுவர்களுக்குப் புகையிலை கொடுத்தால் ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு என்கிறது. அப்பாவுக்கு என்று சொல்லிப் பையன் கேட்டாலும் கொடுக்கக்கூடாது.

எச்சரிக்கைப் படம் இல்லாத பாக்கெட்டை விற்றால், விற்பவருக்கு முதல் முறை ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம். மறுமுறை இரண்டு ஆண்டு வரை சிறையும் 3,000 ரூபாய் வரை அபராதமும். படமில்லாத வெளிநாட்டுப் பாக்கெட், பில் இல்லாத சரக்கு ஆகியவற்றை லாபம் அதிகம் என்று வாங்கி வைக்கும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

குட்கா விவகாரம் இன்னும் நல்ல பாடம். தமிழ்நாட்டில் 2001இல் தடை வந்தது. மாநிலங்களுக்கு அப்படி நிரந்தரமாகத் தடைசெய்ய அதிகாரமில்லை என்று 2004இல் உச்சநீதிமன்றம் கூறியது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 2013இல் மீண்டும் தடை வந்தது. 2023 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் தடை ஆணையை ரத்துசெய்தது; ஏப்ரலில் அந்தத் தீர்ப்புக்கு உச்சநீதிமன்றம் தடை விதித்தது. இத்தனை வழக்குகளையும் நடத்தும் சக்தி தயாரிப்பாளர்களுக்கு இருந்தது. இதற்கிடையில் சோதனை நடந்து, சரக்கு பறிமுதலாகி, கடைக்குச் சீல் வைக்கப்பட்டது யாருக்கு? எட்டுக்குப் பத்து அடியில் கடை வைத்திருப்பவருக்குத்தான். சீல் வைத்த கடையைத் திறக்க அவர் அலையும்போது, எந்தக் கம்பெனி வக்கீலும் கூட வந்ததில்லை.

அவர்கள் சொல்வதில் உண்மையும் உண்டு

ஒருதலையாகப் பேசுவது நியாயமாகாது. கட்டுப்பாடுகளை அமல்படுத்துவதில் நம் போன்றவர்களுக்குத் தொல்லைகள் இருக்கின்றன. கடை முப்பது ஆண்டுகளாக இருக்கும். அருகில் நேற்று ஒரு பள்ளி வந்திருக்கும். 100 கஜத்தை அளந்து காட்டுபவர் யாரும் இல்லாமல் அபராதம் மட்டும் வரும். பெரிய வணிக வளாகத்தை விட்டுவிட்டுத் தள்ளுவண்டிக்காரரைப் பிடிப்பதும் நடக்கிறது. சட்டத்துக்குக் கட்டுப்பட்டு விற்பவருக்கு எதிரே கடத்தல் சரக்கு விற்பவர் கொழிப்பதும் உண்மையே.

ஆனால் இந்தக் குறைகளுக்குப் பரிகாரம் வேறு. எல்லையைக் கோடு போட்டுக் காட்டுங்கள், முதலில் எச்சரிக்கை கொடுங்கள், கடத்தல் சரக்கு வரும் வழியை அடையுங்கள் என்று கேட்பதுதான் நமது கோரிக்கையாக இருக்க முடியும். பாக்கெட்டில் படம் வேண்டாம், பொது இடத்தில் புகைக்க விடுங்கள் என்பது நமது கோரிக்கை ஆகாது. கல்லாவில் காலை முதல் இரவு வரை உட்கார்ந்து வாடிக்கையாளர் விடும் புகையைச் சுவாசிப்பவர்கள் நாமும் நமது கடைப் பையன்களும்தான். பிறர் விடும் புகையும் நுரையீரல் புற்றுநோயைத் தரும் என்று மருத்துவ உலகம் ஐயமறச் சொல்லிவிட்டது. பொது இடத் தடை முதலில் காப்பாற்றுவது கடையில் இருப்பவரைத்தான்.

2016-17இல் மத்திய அரசு நடத்திய கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் ஐந்தில் ஒருவர் ஏதாவதொரு வகையில் புகையிலை பயன்படுத்துவதாகத் தெரிந்தது. நாடு முழுவதும் 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் புகையிலை நோய்களால் 2017-18ஆம் ஆண்டில் ஏற்பட்ட செலவும் இழப்பும் சுமார் 1,77,000 கோடி ரூபாய் என்று ஒரு கணக்கு உண்டு. வியாபாரக் கண்ணோடு பார்த்தாலும் இந்தப் பணம் வாடிக்கையாளரின் பையிலிருந்து போவது. நோயில் விழுந்தவர் வீட்டில் முதலில் குறைவது மளிகைச் சாமான். அடுத்து நிற்பது நமது கடன் பாக்கி. சிகரெட் வாங்கும்போது ரொக்கம் தந்தவர், படுத்த பிறகு அவர் மனைவி வந்து அரிசிக்குத் தவணை கேட்பதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவதாக, எந்த மனு வந்தாலும் நான்கு கேள்விகள் கேட்போம். இதை எழுதியவர் யார்? அச்சடிக்கவும் ஆள் அனுப்பவும் பணம் கொடுத்தவர் யார்? இதிலுள்ள ஒவ்வொரு கோரிக்கையாலும் நமக்கு நேரடியாக என்ன லாபம்? நாளை இதே விஷயத்தில் கடைக்காரர்மேல் வழக்கு வந்தால் வக்கீல் செலவை ஏற்பதாக எழுதித் தருவார்களா? நான்காவது கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை முத்திரை பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

இரண்டாவதாக, நஷ்டக் கணக்கு கேட்டால் நமது சொந்தக் கணக்கைக் கொடுப்போம். 30 சதவீதம், 50 சதவீதம் என்று பிறர் எழுதிவைத்த எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டாம். விதி வருவதற்கு முன் மூன்று மாத விற்பனை, வந்தபின் மூன்று மாத விற்பனை என்று நமது ரெஜிஸ்டரிலிருந்து காட்டினால் எந்த அதிகாரியும் மதிப்பார்.

மூன்றாவதாக, கம்பெனிகளிடம் கேட்க வேண்டியதைக் கேட்போம். விதி மாறும்போது பழைய பாக்கெட்டை முழு விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். விதிக்கு மாறான பலகையை மாட்டியவரே வந்து கழற்ற வேண்டும். நமக்காகப் பேசுகிறோம் என்பவர்கள் முதலில் இதைச் செய்து காட்டட்டும்.

நான்காவதாக, மொத்த வியாபாரம் செய்யும் நமக்குப் பொறுப்பு அதிகம். படமில்லாத சரக்கையும் பில் இல்லாத சரக்கையும் சில்லறைக் கடைக்கு நாம் அனுப்பக்கூடாது. அவர் மாட்டிக்கொண்டால் நமது பெயரும் கெடும், வரவேண்டிய பாக்கியும் நிற்கும். பள்ளிக்கூடத் தெருவில் உள்ள கடைகளுக்கு வேறு எந்தச் சரக்கு ஓடும் என்று எடுத்துச் சொல்லி, முதல் இரண்டு மாதம் கடனுக்குக் கொடுத்துத் தாங்கினால், அவர்கள் சிகரெட்டை விட்டு மாறுவது கடினமாக இராது.

கடைசியாக ஒன்று. சங்கத்தின் லெட்டர்பேடில் உள்ள பெயர், உறுப்பினர்கள் பல ஆண்டுகள் நாணயமாக வியாபாரம் செய்து சேர்த்த முதல். வாடகை உயர்வு, குப்பை வரி, எடைக்கல் முத்திரை, சாலையோர ஆக்கிரமிப்பு என்று நமது சொந்தக் கஷ்டங்களைச் சொல்ல நாளைக்கு அதே லெட்டர்பேடை எடுத்துக்கொண்டுதான் மாநகராட்சிக்கும் கோட்டைக்கும் போக வேண்டும். அன்றைக்கு அந்தத் தாளுக்கு மதிப்பு இருக்க வேண்டுமானால், இன்றைக்கு அதை இரவல் கொடுக்காமல் இருப்போம்.